செத்ததைச் செத்தது என்று சொல்!

கசாண்ட்ரா தரவுத்தளத்தில் நூறு நோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள். அதில் ஒன்று நின்றுவிட்டது. மற்ற தொண்ணூற்றொன்பதையும் விசாரித்தால் என்ன சொல்லும்? ‘டி.என்.’ என்று இரண்டே எழுத்து. ஆள் பேசவில்லை, ஆனால் அதன் இடம் அப்படியே இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஒரு மணி நேரம் கழித்துக் கேள். அதே இரண்டு எழுத்து. ஒரு மாதம் கழித்துக் கேள். அதே இரண்டு எழுத்து. அது இறந்துவிட்டது, இனி வராது, அந்த இடத்தில் வேறொன்றை வை என்று அந்த மென்பொருள் தானாக ஒருநாளும் சொல்லாது. சொல்ல வேண்டியவன் நீ. சொல்ல வேண்டியவள் நீ.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், ஊரே உறங்கும் நேரத்தில், கடல் கடந்து இருக்கும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் கிளஸ்டரைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாய். திரையில் அந்த இரண்டு எழுத்து வந்து நிற்கிறது. உன் கை கீபோர்டை விட்டு போனைத் தேடுகிறது. லீடு எழுந்திருக்கட்டும், பெரியவர்கள் யாராவது சொல்லட்டும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இப்படித்தானே நினைக்கிறாய்? அந்த நினைப்பை இன்றோடு தூக்கிப் போடு! உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் இந்த ஒரே வாரத்தில் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் ஒன்றுதான் பாக்கி. அந்தத் தைரியத்தை யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை; பழகித்தான் வாங்க வேண்டும்.

முதலில், இயந்திரம் ஏன் சொல்ல மறுக்கிறது என்று புரிந்துகொள். கசாண்ட்ரா கிளஸ்டரில் தலைவன் கிடையாது. ஒவ்வொரு நோடும் வினாடிக்கு ஒருமுறை மற்ற நோடுகளில் அதிகபட்சம் மூன்றைத் தொடர்புகொண்டு, யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, அவற்றுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளும். காசிப் என்று அந்த முறைக்குப் பெயர். ஒரு நோடிலிருந்து வரும் துடிப்பு நின்றவுடன் மற்றவை ‘போச்சு’ என்று கத்துவதில்லை. இதுவரை அந்தத் துடிப்பு எவ்வளவு இடைவெளியில் வந்துகொண்டிருந்தது என்பதை வைத்து, இப்போதைய மௌனம் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று ஓர் எண் போடும். ஜப்பானில் ஹயாஷிபாராவும் அவருடைய சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த உத்தி இது. ஃபை என்ற அந்த எண் 8-ஐத் தாண்டினால் டி.என். கிளவுடில் நெட்வொர்க் அவ்வப்போது திணறும் என்பதால் எல்லையை 10, 12 என்று உயர்த்தி வைக்கிறவர்களும் உண்டு.

சந்தேகம்வரைதான் இயந்திரத்துக்குப் போக முடியும். எரிந்துபோன சர்வரின் மௌனமும், நெட்வொர்க் அறுந்த சர்வரின் மௌனமும், நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்காகச் சில வினாடிகள் உறைந்துபோன சர்வரின் மௌனமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றேபோல இருக்கும். பிரித்தறிய வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடிப் போகக்கூடிய ஆள் நீதான். இன்னொரு நோடுக்குள் நுழைந்து ‘நோட்டூல் ஸ்டேட்டஸ்’ கேள், அங்கேயும் டி.என். என்றுதான் வருகிறதா? வேறு ஸோனில் இருக்கும் நோடிடம் கேள். ஒவ்வொரு நோடும் தன் தன் பார்வையைத்தான் சொல்லும், ஆகவே ஒன்றின் வார்த்தையை மட்டும் நம்பாதே. கிளவுட் கன்சோலைத் திற. அந்த இன்ஸ்டன்ஸ் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா, டெர்மினேட் ஆகிவிட்டதா? ஓடுகிறது என்றால் ஸ்டேட்டஸ் செக் தேறியிருக்கிறதா? உள்ளே நுழைய முடிகிறதா? சில நிமிட வேலை. இத்தனை சாட்சியும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகும் ‘ஒருவேளை திரும்பி வருமோ’ என்று இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கு நிதானம் என்று பெயர் சூட்டாதே. அது பயம்!

பயத்துக்குக் கெடு உண்டு. ஒரு நோடு விழுந்ததும், அதற்குப் போய்ச் சேர வேண்டிய புதிய பதிவுகளை மற்ற நோடுகள், பூட்டிய வீட்டுக்கு வந்த தபாலைப் பக்கத்து வீட்டார் வாங்கி வைப்பதுபோல, வாங்கி வைக்கும். ஹின்ட் என்பார்கள். எவ்வளவு நேரத்துக்கு? யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் 3 மணி நேரம். அதற்கு மேல் அந்த நோடுக்காகப் புதிதாக எதையும் எடுத்து வைக்க மாட்டார்கள். அதன் பிறகு அது எழுந்து வந்தாலும் இடையில் நடந்தது அதற்குத் தெரியாது. நோடுகளின் தரவை ஒப்பிட்டுச் சீராக்கும் ரிப்பேரை ஓட்டித்தான் சரிக்கட்ட வேண்டும்.

அடுத்த கெடு 10 நாள். இதைக் கேட்டால் முதுகு சில்லிடும். கசாண்ட்ராவில் ஒரு பதிவை அழித்தால் அது அந்தக் கணமே மறைந்துவிடாது; ‘இது அழிக்கப்பட்டது’ என்று அதன்மேல் ஒரு குறி விழும். டூம்ஸ்டோன் என்று பெயர். அந்தக் குறியை 864000 வினாடி, அதாவது 10 நாள், வைத்திருந்துவிட்டுப் பிறகு கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது குறியையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். இப்போது யோசி. ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டு முகவரியை நீக்கச் சொன்னார், நீக்கினாய். அந்த நேரத்தில் ஒரு நோடு விழுந்து கிடந்தது. அழித்த செய்தி அதற்குப் போகவில்லை. ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டாய். ஒருநாள் யாரோ அந்தச் சர்வரை எழுப்பிவிடுகிறார்கள். மற்ற நோடுகளில் பதிவும் இல்லை, குறியும் இல்லை. எழுந்து வந்ததிடமோ பழைய முகவரி பத்திரமாக இருக்கிறது. ரிப்பேர் ஓடும்போது, மற்றவர்களிடம் விடுபட்டுப்போன தகவல் இது என்று கிளஸ்டர் நம்பி, எல்லா நகல்களுக்கும் அதைப் பரப்பிவிடும். அழிந்தது பிழைத்து வந்து நிற்கும்! மருத்துவப் பதிவிலோ கடன் கணக்கிலோ இது நடந்தால் என்ன ஆகும்? பத்து நாளைத் தாண்டிக் கிடந்த நோடை எழுப்பவே எழுப்பாதே. அதன் வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை அந்த இடத்தில் வை.

‘கிளஸ்டர்தான் ஓடுகிறதே, வாடிக்கையாளர் யாரும் கத்தவில்லையே’ என்கிறாயா? ஓடும். ஒரு பதிவின் மூன்று நகலில் ஒன்று போனாலும் இரண்டு பதில் சொன்னால் போதும் என்று கோரம் வைத்திருக்கிறார்கள். அந்த வசதி உனக்கு வேலை செய்யக் கொடுத்த அவகாசம். அதைத் தூங்கித் தீர்த்தால், அதே நகல்களில் இரண்டாவது ஒன்று விழும் இரவில் கோரம் உடையும்; அப்போது ஊரே உன்னை எழுப்பும். தள்ளிப்போடுகிறவன் தான் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். செய்துகொண்டுதான் இருக்கிறான், கடிகாரம் அவனுக்கு எதிராக ஓடும்படி.

சரி. செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டாய். எது செத்தது? இந்தக் கேள்விக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொல்லப் பழகு. உன் தன்னம்பிக்கை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

சர்வர்கள் கைவிட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில் அவற்றுக்குக் கோள்களின் பெயரும் புராணப் பெயரும் வைத்தார்கள். கணினிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று டான் லிப்ஸ் 1990-ல் எழுதிய ஆவணம், ஆர்.எஃப்.சி. 1178 என்ற எண்ணோடு இணையத்தின் அதிகாரபூர்வ ஆவண வரிசையிலேயே இருக்கிறது. இன்று ஓடும் திட்டத்தின் பெயரை வைக்காதே, உன் சொந்தப் பெயரை வைக்காதே என்றெல்லாம் அதில் புத்தி சொல்லியிருப்பார். கிளவுட் வந்ததும் காட்சி மாறிவிட்டது. இன்ஸ்டன்ஸ் பிறக்கும்போதே ஓர் ஐ.பி. முகவரியோடு பிறக்கிறது, அந்த எண்ணே அதன் பெயராகிவிடுகிறது, அது டெர்மினேட் ஆனதும் அதே எண் நாளைக்கு வேறொன்றுக்குப் போகலாம். ஆகவே கசாண்ட்ரா ஐ.பி. முகவரியை மட்டும் நம்பி ஆளை அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு நோடுக்கும் ஹோஸ்ட் ஐ.டி. என்று 36 எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அது நோடின் வட்டிலேயே பதிந்திருக்கும். வட்டு பிழைத்திருந்து, அதை வேறொரு இன்ஸ்டன்ஸில் மாட்டி எழுப்பினால், ஐ.பி. மாறியிருந்தாலும் ‘இது நம் பழைய ஆள்தான்’ என்று கிளஸ்டர் ஏற்றுக்கொள்ளும். வட்டும் போய்விட்டால் மாற்று நோடுக்குப் பெரும்பாலும் புதிய ஐ.பி., புதிய ஹோஸ்ட் ஐ.டி. கைமாறுவது ஒன்றே ஒன்று: டோக்கன்கள். எந்தெந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் எண்கள் அவை.

பெயர் பிசகினால் என்ன ஆகும்? 2017 ஜனவரி 31 இரவை நினைத்துக்கொள். கிட்லேப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அப்போது மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் கிளவுடில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சர்வர்கள்: டி.பி.1 முதன்மை, டி.பி.2 அதன் நகல். அன்று சுமை ஏறி, நகல் பின்தங்கி, ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. நகலை முதலிலிருந்து உருவாக்க வேண்டும், அதற்கு டி.பி.2-இல் இருக்கும் பழைய கோப்புறையைத் துடைக்க வேண்டும். நெடுநேரம் போராடிக் களைத்திருந்த ஒரு பொறியாளர் அந்தக் கட்டளையை டி.பி.1-இல் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. மட்டும் மிஞ்சியது. காப்புப் பிரதிகளைத் தேடினால், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது எதுவும் இல்லை. 1, 2 என்ற ஓர் எண்ணின் வித்தியாசம்!

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஒளித்துக்கொள்ளவில்லை. என்ன நடந்தது, எதை முயல்கிறோம் என்று எல்லாரும் பார்க்கும் ஆவணத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். கடைசியில் கைகொடுத்தது, சம்பவத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட். வழக்கப்படி அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும். அன்று வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்தவர் யார் தெரியுமா? அதே பொறியாளர்! அழித்த கையே காத்தும் வைத்திருந்தது. நிறுவனம் பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் அவர் பெயர் இல்லை, அவரைப் பலிகொடுக்கும் வரி ஒன்றுகூட இல்லை. எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்பது டெர்மினலில் பளிச்சென்று தெரியும்படி மாற்ற வேண்டும் என்று திருத்தப் பட்டியலில் எழுதினார்கள். நீயும் இன்றே அதைச் செய். உற்பத்திச் சர்வருக்கு ஒரு நிறம், சோதனைச் சர்வருக்கு வேறு நிறம். கட்டளை அடிக்கும் முன் எந்தச் சர்வர் என்று வாய்விட்டுப் படி. பக்கத்து இருக்கைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் பிரிட்ஜ் காலில் வாயைத் திறக்க அஞ்சுகிறார்கள். விஷயம் தெரியும், திரையில் விடையும் தெரிகிறது, ஆனால் மறுமுனையில் அமெரிக்க மேலாளர் இருக்கிறார் என்றதும் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். விஷயமே தெரியாத ஒருவர் சரளமாகப் பேசிக்கொண்டு போவார். அழைப்பு அவர் பின்னால் போகும். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது! தம்பி, தங்கை, கேளுங்கள். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் உங்கள் உச்சரிப்பு தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது நான்கு செய்தி. எது விழுந்தது: முகவரி, ஸோன், ஹோஸ்ட் ஐ.டி. எப்போது விழுந்தது. எப்படி உறுதி செய்தீர்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள். ‘10.0.1.15, 1.52-லிருந்து பேசவில்லை. மூன்று நோடுகளிலிருந்து பார்த்துவிட்டேன், இன்ஸ்டன்ஸ் டெர்மினேட் ஆகியிருக்கிறது. கோரம் தாங்குகிறது. அதே ஸோனில் மாற்று நோடை இப்போது ஏற்றுகிறேன், 4.52-க்கு முன் தொடங்கிவிடுவேன்.’ அவ்வளவுதான். இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் அழைப்பு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பும். இரவில் விழித்திருக்கிற பொறியாளர்கள் துல்லியத்தை அந்த அளவுக்கு மதிப்பார்கள்.

இனி மாற்றும் வேலை. முதல் முறை செய்கிறவனுக்கு மலையாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்.

புதிய இன்ஸ்டன்ஸை அதே ஸோனில் ஏற்று. அமேசான் கிளவுடுக்கான அமைப்பில் ரீஜனை டேட்டா சென்டராகவும் ஸோனை ரேக்காகவும் கசாண்ட்ரா எடுத்துக்கொள்ளும். வேறு ஸோனில் வைத்தால் நகல்களின் பங்கீடு குலையும். அதே பதிப்பு, அதே கிளஸ்டர் பெயர், காலியான தரவுக் கோப்புறை. பிறகு தொடக்க அமைப்பில் ஒரே ஒரு வரி: ‘ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்’ என்று எழுதி, சமக்குறி போட்டு, இறந்த நோடின் ஐ.பி. முகவரி. யாருடைய இடத்துக்கு வருகிறேன் என்று புதியது தன் வாயால் சொல்லும் வரி அது. சொல்லிவிட்டு வந்தால் இறந்ததன் டோக்கன்கள் அப்படியே இதற்கு வரும். சொல்லாமல் வந்தால் கிளஸ்டர் அதைப் புதிய உறுப்பினராகச் சேர்த்துப் புதிய டோக்கன் கொடுத்துவிடும், இறந்தது பட்டியலில் டி.என். என்றே கிடக்கும். அப்படி ஆகிவிட்டாலும் குடி முழுகிவிடாது. இறந்ததன் ஹோஸ்ட் ஐ.டி.யைக் கொடுத்து ‘ரிமூவ்நோடு’ செய்யலாம், மிச்சமுள்ளவை அதன் பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். பொறுமையாகச் செய்தால் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ‘அசாசினேட்’ என்றொரு கட்டளையும் உண்டு. தரவைப் பற்றிக் கவலைப்படாமல் பெயரை மட்டும் வெட்டி எறிவது. மற்ற எல்லாக் கதவும் மூடிய பிறகே அதைத் தொடு.

சீடு பட்டியலை, அதாவது எழும் நோடு முதலில் தொடர்புகொள்ளும் முகவரிகளின் பட்டியலை, மறந்துவிடாதே. தன் முகவரியே சீடு பட்டியலில் இருக்கும் நோடு, மற்றவர்களிடமிருந்து தரவை இழுக்காமலே ‘நான் தயார்’ என்று எழுந்து நின்றுவிடும். வெறும் கையோடு வந்து நிற்கிற அதை நம்பிக் கேள்வி கேட்டால் வெறும் பதில்தான் வரும். ஆகவே புதியதைத் தன் பட்டியலில் தானே இல்லாதபடி ஏற்று. இறந்தது சீடாக இருந்திருந்தால் அதன் முகவரியை எல்லா நோடுகளின் பட்டியலிலிருந்தும் எடு.

நீ அஞ்சுகிற இடத்தில் மென்பொருளே உனக்குக் காவல் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள். தவறிப்போய் உயிரோடு இருக்கும் நோடின் முகவரியைக் கொடுத்தால், உயிருள்ளதை மாற்ற முடியாது என்று சொல்லி ஏறவே மறுத்துவிடும். இல்லாத முகவரியைக் கொடுத்தால், இப்படி ஒருவரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்திகளைப் பார்த்துக் கலங்காதே. அவை உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. ஏறிவிட்டதென்றால் ‘நெட்ஸ்டாட்ஸ்’ கேட்டுப் பார். எந்தெந்த நோடிலிருந்து எவ்வளவு தரவு வந்து சேர்ந்தது என்று கோப்பு கோப்பாகச் சொல்லும். பல மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் பழைய முகவரி பட்டியலிலிருந்து மறையும். புதியது ‘யூ.என்.’ என்று வரும்: எழுந்தேன், இயல்பாக இருக்கிறேன். மூன்று மணி நேரக் கெடு தாண்டியிருந்தால் ரிப்பேரைக் கட்டாயம் ஓட்டு.

இப்படி வேலை செய்ய மனிதர்களால் முடியுமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால் நெட்ஃப்ளிக்ஸ் கதையைக் கேள். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய தரவுத்தளம் கெட்டுப்போய், 3 நாள் வாடிக்கையாளர்களுக்கு டி.வி.டி. அனுப்ப முடியாமல் நின்றார்கள். ஒரே பெரிய இயந்திரத்தை நம்பியிருந்ததன் விளைவு. அன்று எடுத்த முடிவுதான் அவர்களை அமேசான் கிளவுடுக்குக் கொண்டுபோனது. 2016 ஜனவரியில்தான் அந்த இடப்பெயர்ச்சி முழுதாக முடிந்தது. அவர்கள் அங்கே எடுத்துக்கொண்ட தரவுத்தளம் கசாண்ட்ரா. அமேசானில் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பை உருவாக்கிய குழுவில் இருந்த அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக்கோடு சேர்ந்து ஃபேஸ்புக்கில் எழுதி, 2008-ல் திறந்த மூலமாக உலகத்துக்குக் கொடுத்த மென்பொருள். இயந்திரங்கள் விழுந்துகொண்டேதான் இருக்கும் என்ற உண்மையை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு கட்டப்பட்டது.

நெட்ஃப்ளிக்ஸ் அதோடு விடவில்லை. கேயாஸ் மங்கி என்று ஒரு கருவி செய்தார்கள். பட்டப்பகலில், பொறியாளர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றை அது வேண்டுமென்றே கொல்லும். முதலில் மற்ற சர்வர்கள். தரவுத்தளத்தின்மேல் கை வைக்க அவர்களுக்கும் அச்சம் இருந்தது, யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அதையும் தாண்டினார்கள். கசாண்ட்ரா நோடுகளையும் குரங்கின் முன்னால் நிறுத்தினார்கள். விழுந்த நோடைக் கண்டுபிடித்து மாற்றும் தானியங்கியை, அடி வாங்கி அடி வாங்கித் திருத்தினார்கள்.

வந்தது 2014 செப்டம்பர் கடைசி வாரம். அமேசான் அப்போது பயன்படுத்திய ஸென் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை; அடைக்க வேண்டுமானால் ஏராளமான சர்வர்களை அணைத்து எழுப்பியாக வேண்டும். கேட்ட உலகம் அதிர்ந்தது. நெட்ஃப்ளிக்ஸிடம் அப்போது 2,700-க்கும் மேற்பட்ட கசாண்ட்ரா நோடுகள் உற்பத்தியில் இருந்தன. அதில் 218 அணைந்து எழுந்தன. 22 எழுந்திருக்கவே இல்லை. இருபத்திரண்டு! இங்கே பல நிறுவனங்களில் மொத்தக் கிளஸ்டரே அவ்வளவு இருக்காது. தானியங்கி அந்த 22-ஐயும் கண்டுபிடித்தது, பெயர் சொன்னது, மாற்றியது. மனிதக் கை பட்டது மிகக் குறைவு. அந்த வார இறுதியில் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பொறியாளர்களுக்கும் முதலில் வயிற்றைக் கலக்கியிருக்கும். பிறகு எத்தனையோ முறை இதைச் செய்து பார்த்திருக்கிறோம் என்ற நினைவு அவர்களைத் தாங்கியது. தன்னம்பிக்கை என்று நான் இத்தனை நேரம் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்!

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் துணிச்சலையும் அவசரத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில், ஒரு நெட்வொர்க் மாற்றம் தவறாகச் செய்யப்பட்டது. வட்டுச் சேவையின் ஏராளமான நோடுகள் தங்கள் நகல்களோடு தொடர்பு இழந்தன. தொடர்பு திரும்பியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் ‘என் நகல் போய்விட்டது, புதிய நகலுக்கு இடம் கொடு’ என்று பாய்ந்தன. இடம் தீர்ந்தது, அந்தப் பாய்ச்சலே சேவையை முடக்கியது. பல நாள் போராட்டத்துக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட ஸோனின் 0.07 சதவீத வட்டுகளை மீட்க முடியவில்லை. எனவே ஒன்றன்பின் ஒன்றாகச் செய். ஒரு நோடை மாற்றி, அது யூ.என். ஆன பிறகு அடுத்ததைத் தொடு.

இப்போது உன் வேலை. கசாண்ட்ராவுக்குக் காசு கிடையாது. உன் லேப்டாப்பிலேயே சி.சி.எம். என்ற கருவியைக் கொண்டு ஒரு சின்னக் கிளஸ்டரை எழுப்பலாம், டாக்கரிலும் செய்யலாம். நான்கு நோடு வை. மூன்று நகல் என்று அமைத்து, உனக்குப் புரியும் தரவைப் போடு. உன் ஊர்ப் பேருந்து நேரங்களைப் போட்டாலும் போதும். பிறகு ஒரு நோடைக் கில் மைனஸ் நைன் கொடுத்துக் கொல். எத்தனை வினாடியில் மற்றவை டி.என். என்கின்றன என்று பார். கோரத்தில் கேள்வி கேள், பதில் வரும். இரண்டாவதையும் கொல். எந்தப் பேருந்து நேரம் வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள். எழுப்பு, மாற்று. அடுத்த நாள் வேண்டுமென்றே தவறு செய்: தப்பான முகவரி கொடு, உயிருள்ளதை மாற்றப் பார், அந்த ஒரு வரியை எழுதாமல் ஏற்று, சீடு பட்டியலில் தன் பெயரையே போட்டு ஏற்று. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் ஒரு நோட்டில் உன் கையால் எழுது. அதற்குக் கீழே, தமிழிலேயே, ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுது. கண்ணை மூடினாலும் கட்டளைகள் விரலில் வரும்வரை செய்.

அலுவலகத்தில் ரன்புக் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீ எழுது; இருந்தால், ஹின்ட் கெடுவும் டூம்ஸ்டோன் கெடுவும் உங்கள் கிளஸ்டரில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று தேடி அதன் முதல் பக்கத்தில் சேர். சோதனைக் கிளஸ்டரில் மாதம் ஒரு நோடை, வேலை நேரத்தில், எல்லாரும் பார்க்கக் கொல்வதற்கு லீடிடம் அனுமதி கேள். மறுத்தால் காரணம் கேள். மறுபடியும் கேள். அனுமதி கிடைத்ததும் முதல் முறை நீ செய்; இரண்டாம் முறை, குழுவில் புதிதாக வந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் கீபோர்டைக் கொடு. முகவரியை அவளே வாய்விட்டுப் படிக்கட்டும், அவளே மாற்றட்டும், பிரிட்ஜ் காலிலும் அவளே பேசட்டும்.